ஓடாத மெஷினும் தேயும்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு எங்க சொசைட்டில தண்ணி நின்னு போச்சு. தங்கமணி வாயில பேஸ்ட்டு நுரையோட வந்து நின்ன கோலத்தை இங்கே வர்ணிக்கப் போறதில்ல. எனக்கு இன்னும் பல வருஷம் அந்த வீட்ல குடித்தனம் பண்ணணும். நான் சொசைட்டிக்குப் பொருளாளர் வேற. (பேங்க்காரன்னு தெரிஞ்சா எந்த ஊருக்குப் போனாலும் இந்த வேலையைத் தலைல கட்டிடுவாங்க. உங்கள்ல சில பேருக்கும் அனுபவம் இருக்கும்.) லுங்கியோட பம்ப் ரூமுக்கு ஓடினேன்.

ரெண்டு பம்ப். ஒரே சிமெண்ட் மேடை மேல, பக்கத்துல பக்கத்துல. தினமும் ஓடறது ஒண்ணாம் நம்பர். ராத்திரி அதுல காயில் போயிருச்சு. ரெண்டாம் நம்பர், வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, ஆபத்துக்கு இருக்கட்டும்னு வச்சிருந்த ஸ்பேர். வாட்ச்மேன் அதைப் போட்டதும் கர்ர்ர்னு ஒரு சத்தம், மாவு மெஷின்ல கல்லு விழுந்த மாதிரி. பத்து நிமிஷத்துல பேரிங் இருக்கிற இடத்துல கை வைக்க முடியல. அணைச்சிட்டோம்.

செக்ரட்டரி குதிச்சார். "சாஹேப், புத்தம்புது பம்ப்! ரெண்டு வருஷத்துல ரெண்டு மணி நேரம்கூட ஓட்டல. கடைக்காரன் டூப்ளிகேட் பேரிங் போட்டு ஏமாத்திட்டான்!"

"ஓட்டாததாலதான் போச்சு"ன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... கமிட்டில அடுத்த தடவை என்னைப் பொருளாளராப் போடறதுக்கு யோசிப்பார்னு நினைக்கிறேன். போடாட்டி சந்தோஷம்தான்.

ஆனா அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். 2023 கடைசி வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். ஓடற மெஷின்தான் தேயும், நிக்கிற மெஷின் அப்படியே இருக்கும்னு. நான் நம்பினதுக்கு வேற ஒருத்தர் மூணு லட்ச ரூபாய்க்கு மேல விலை கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இன்னிக்கு உட்கார்ந்திருக்கேன்.

என்னடா, பி.காம். படிச்சவன் பேரிங் பத்திப் பேசறானேன்னு தோணும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கோவில்பட்டில சைக்கிள் கடை வாசல்ல கத்துக்கிட்டது கொஞ்சம், இங்கே அகமதாபாத்ல ஒரு அண்ணாச்சிகிட்ட கத்துக்கிட்டது மீதி. சைக்கிள் கடைல சக்கரத்தைப் பிரிச்சு, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெய்ல அலசி, தேஞ்சதைத் தூக்கிப் போடுவாங்க. அதைப் பொறுக்கத்தான் நாங்க அங்கே நிப்போம். அந்தக் குண்டுதான் பேரிங்கோட உயிர். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவுல குண்டுகள், குண்டுகள் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காம தள்ளித் தள்ளி உட்கார வைக்க ஒரு கூடு. அவ்வளவுதான் பேரிங்.

பீரோவைத் தரையில தரதரன்னு இழுக்கறதுக்கும், அடியில உருளைக் கட்டை வச்சுத் தள்ளறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுல நடக்கறது. நல்ல நிலைமைல இருக்கிற சாதாரண பால் பேரிங்ல உராய்வுக் கெழு சுமார் 0.0015. அதாவது நூறு கிலோ பாரத்தைத் தாங்கிக்கிட்டு சுத்தும்போதும் எதிர்த்து நிக்கிற உராய்வு ஏறத்தாழ 150 கிராம் எடை அளவுதான்.

இவ்வளவு குறைச்சலா இருக்கக் காரணம், ஓடும்போது குண்டும் வளையமும் அனேகமாத் தொட்டுக்கறதே இல்ல. நடுவுல எண்ணெய்ப் படலம் ஒண்ணு இருக்கு. பல நேரம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நம்ம தலைமுடி 50லேர்ந்து 100 மைக்ரான் வரைக்கும் இருக்கும், அப்போ பார்த்துக்கோங்க. இந்தப் படலத்தை உண்டாக்கறது கிரீஸ் மட்டும்னு நான் நினைச்சிருந்தேன். இல்ல, ஓட்டமும் சேர்ந்துதான். மழைல வேகமாப் போற கார் டயர் ரோட்டை விட்டுத் தண்ணி மேல ஏறி வழுக்குமே, அதே மாதிரி உருள்ற குண்டு தனக்கு முன்னால இருக்கிற எண்ணெயை இழுத்து, அது மேலயே ஏறிப் போகுது. ரோட்ல அது விபத்து, பேரிங்ல அதுதான் உயிர்.

மெஷின் நின்னா? குண்டு மெதுவா எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிட்டு வளையத்து மேல உட்கார்ந்துடும். சும்மா உட்கார்ந்திருந்தா பெரிசா ஒண்ணும் ஆகாது. வினை எங்கேன்னா, நிக்கிற மெஷின் அதிர்ந்துகிட்டே இருந்தா. பக்கத்துல இன்னொண்ணு ஓடுது, தரை வழியா அதிர்வு வருது. குண்டு உருளாது. இருந்த இடத்துலயே மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்கு மட்டும் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்துல மிச்சம் மீதி எண்ணெயும் வெளியே போயிடும். குண்டு உருண்டாத்தானே புது எண்ணெய் உள்ளே வரும்? வராது. இரும்பும் இரும்பும் உரசும். கண்ணுக்குத் தெரியாத மேடுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிஞ்சு வரும், பிஞ்ச துகள் காத்து பட்டு செங்காவி நிறத்துல பொடியாகும். அந்தப் பொடி உப்புத்தாள் மாதிரி இன்னும் தேய்க்கும். கடைசில ஒவ்வொரு குண்டுக்கும் அடியில ஒரு குழி. குண்டுக்குக் குண்டு எவ்வளவு இடைவெளியோ, குழிக்குக் குழி அதே இடைவெளி.

அப்புறம் ஒரு நாள் மெஷினைப் போடறீங்க. ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழில விழுந்து எழுந்து போகுது. அது புது அதிர்வு. அதிர்வுல படலம் அறுந்து போகுது, உராய்வு கூடுது, சூடு ஏறுது, கிரீஸ் இளகி ஓடுது, இன்னும் அதிர்வு. எங்க பாஷைல சொன்னா வட்டிக்கு வட்டி.

இதை நீங்க கையாலயே உணர்ந்திருப்பீங்க. பழைய பைக்ல ஹேண்டில் பாரைத் திருப்பும்போது நேரா வர்ற இடத்துல மட்டும் டக்குன்னு மாட்டிக்கும். மெக்கானிக் "கோன்செட் போயிருச்சு சார்"ம்பார். பள்ளத்துல வண்டி விழுந்து விழுந்து வர்ற குழியும் அதுல உண்டு. ஆனா நாம பெரும்பாலும் நேராத்தானே ஓட்டறோம்? அந்தப் பேரிங்ல குண்டுகள் உருளாம ஒரே இடத்துல உட்கார்ந்து மணிக்கணக்கா அதிருது. நேரா ஓட்டினதே அதைத் தின்னுடுது.

விஷயம் ஒண்ணும் புதுசு இல்ல. 1937லயே ஆல்மன்ங்கற அமெரிக்கப் பொறியாளர் எழுதி வச்சிருக்கார். புதுக் கார்கள், வாங்கினவங்க ஓட்டிப் பார்க்கறதுக்கு முன்னாலயே சக்கரத்து பேரிங் கெட்டுப் போயிருந்துச்சு. எவ்வளவு தூரம் அனுப்பினாங்களோ அவ்வளவு சேதம் அதிகம், எந்தப் பருவத்துல அனுப்பினாங்கங்கறதைப் பொறுத்தும் சேதம் மாறிச்சு. கார் சக்கரம் சுத்தவே இல்ல, போற வழில அதிர்ந்துச்சு, அவ்வளவுதான்.

இதுக்கு இங்கிலீஷ்ல வச்சிருக்கிற பேரைத் தமிழ்ல சொன்னா 'பொய் பிரினெல்'. பிரினெல் ஸ்வீடன்காரர். 1900ல பாரிஸ் கண்காட்சியில ஒரு சோதனையைக் காட்டினார். கெட்டியான எஃகுக் குண்டை உலோகத்து மேல அழுத்தி, விழற பள்ளத்தை அளந்து உலோகம் எவ்வளவு கெட்டின்னு சொல்ற சோதனை. பேரிங்ல சுத்தியலால அடிச்சாலோ கீழே போட்டாலோ விழறது நிஜ பிரினெல் பள்ளம். நின்னு அதிர்ந்து வர்றது பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா அழுத்தி வந்ததில்ல, தேஞ்சு வந்தது. அதனால 'பொய்'. ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு. வளையத்தைத் தொழிற்சாலைல சாணை பிடிச்ச மெல்லிய கோடுகள் பள்ளத்து அடியிலயும் தெரிஞ்சா அடிபட்டது. கோடுகள் அழிஞ்சு போயிருந்தா தேஞ்சது. இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால எனக்குத் தேவைப்பட்டுச்சு.

சரி, கதைக்கு வருவோம்.

ஓடவ் பக்கத்துல ஒரு சின்ன யூனிட். ரெண்டு சி.என்.சி. லேத். முதலாளி ஒரு பாய். (இங்கே எல்லாருமே பாய்தான், நம்ம ஊர் அர்த்தத்துல எடுத்துக்காதீங்க.) நீர்மூழ்கி பம்ப்புக்குத் தண்டு கடைஞ்சு கொடுத்துட்டிருந்தார். பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் பணம் கொடுக்காம இழுத்தடிக்க, இவர் எங்களுக்குத் தவணை கட்ட முடியல. கணக்கு வாராக் கடன் ஆச்சு. 60 நாள் நோட்டீஸ், அப்புறம் பொசஷன். 2022 ஆகஸ்ட்ல ஒரு மழை நாள்ல போய் ஷட்டரை இறக்கிப் பூட்டு போட்டோம். உத்தரவுல கையெழுத்து மேலதிகாரியோடது. பூட்டுப் போட்டு சீல் வச்சது நான்.

பூட்டும்போது பாய் என் பக்கத்துல வந்து மெதுவா ஒண்ணு கேட்டார். "சாஹேப், பெரிய லேத்தோட ஸ்பிண்டிலை வாரத்துக்கு ஒரு தடவை கையால சுத்தி விடச் சொல்லுங்க. நாலு சுத்து போதும்."

நான் தலையாட்டினேன். மாட்டை வித்துட்டுப் போறவன் "தவிடு கலந்து வைங்க"ன்னு சொல்லுவானே, அந்த மாதிரிப் பாசம்னு நினைச்சேன். கார்ல வரும்போது மறந்துட்டேன். சீல் வச்ச ஷெட்டுக்குள்ள போய் மெஷினைச் சுத்தறதாவது? யாராவது பார்த்தா என் வேலைதான் சுத்தும்.

வழக்கு, தடை, வாய்தான்னு ஏலத்துக்கு வர 15 மாசம் ஆச்சு. முதல் ஏலத்துக்கு ரிசர்வ் விலை பெரிய லேத்துக்கு 11 லட்சத்து 40 ஆயிரம். பார்க்க வந்தவங்க கூட்டிட்டு வந்த ஃபிட்டர் கரண்ட்கூடக் கேட்கல. ஸ்பிண்டிலைக் கையால சுத்தினான், கட் கட் கட்னு விரல்ல தட்டுச்சு, முதலாளியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். யாரும் கேட்கல. மறுபடி மதிப்பீடு. 'கடன்தாரரின் மோசமான பராமரிப்பால் ஸ்பிண்டில் பேரிங் பழுது'ன்னு மதிப்பீட்டாளர் எழுதினார். அந்தக் காகிதத்துல நானும் சரின்னு கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். ரெண்டாவது ஏலத்துல 8 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போச்சு. வித்தியாசம் 3 லட்சத்து 20 ஆயிரம். அது எங்க தலைல விழல. பாக்கிக் கடன்ல அப்படியே நின்னுச்சு, பாய் தலைல. அவங்க வீடும் எங்ககிட்ட அடமானம்.

வாங்கினவரும் எங்க பிராஞ்சு வாடிக்கையாளர்தான். பேரிங்கை மாத்திட்டு, பழசை ஒரு துணில சுத்திக் கொண்டு வந்து என் மேஜைல வச்சார். "நீங்க வித்த சரக்கைப் பாருங்க சாஹேப்"னு சிரிச்சார். நானும் சிரிச்சிட்டு, ஏதோ தோணி அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எங்க சந்துல அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். வயசு 74. இங்கே ஒரு துணி மில்லுல ஃபிட்டரா இருந்தவர். மில்லு மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஊருக்குத் திரும்பல. மோட்டார்ல ஸ்க்ரூடிரைவர் நுனியை வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேட்டே எந்தப் பேரிங்னு சொல்லிடுவார். ஒரு பேரிங்ல 6204ன்னு எழுதியிருந்தா கடைசி ரெண்டு இலக்கத்தை அஞ்சால பெருக்கினா தண்டு 20 மில்லிமீட்டர்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். எங்க அக்கவுண்ட் நம்பர்ல இவ்வளவு அர்த்தம் கிடையாது.

அண்ணாச்சி பேரிங்கைப் பிரிச்சார். வாட்ச் ரிப்பேர்க்காரங்க கண்ணுல வச்சுக்கற லென்ஸை வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலை வளையத்துல தடவி என்கிட்ட நீட்டினார். செங்காவிப் பொடி.

"தம்பி, இது ஓடிக் கெட்ட பேரிங் இல்ல. நின்னு கெட்டது."

"எப்படி அண்ணாச்சி சொல்றீங்க?"

"ஓடிக் கெட்டுருந்தா தடம் சுத்திவர இருக்கும்லா? இங்கன குண்டு உக்காந்த எடத்துல மட்டும் குழி. சுத்தியல் அடின்னா அடியில கோடு தெரியும். இங்க கோடே இல்ல, பாத்தியளா? பக்கத்துல என்ன ஓடிட்டு இருந்துச்சு?"

யோசிச்சேன். பொதுச் சுவர். அடுத்த ஷெட்ல பவர் பிரஸ். தகடு வெட்டற பிரஸ். இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும்போதெல்லாம் டம் டம்னு காலுக்கடியில தரை அதிரும், நான் ரிஜிஸ்டர்ல 'பூட்டு சரி, சீல் சரி, ஜன்னல் சரி'ன்னு எழுதும்போது பேனாவே ஆடும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கால்குலேட்டரை எடுத்தேன் (புத்தி எங்கே போகும்?). நிமிஷத்துக்கு 40 அடி. எட்டு மணி நேரத்துக்கு 19,200. மாசம் 26 நாள், 15 மாசம், மொத்தம் 390 நாள். 74 லட்சத்து 88 ஆயிரம் அடி. டை மாத்தறது, டீ, கரண்ட் கட்னு பாதியைக் கழிச்சாலும் 37 லட்சத்துக்கு மேல. ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிண்டில் அதே இடத்துல நின்னு நடுங்கியிருக்கு. நாலு சுத்து சுத்தி வேற இடத்துல விட்டிருந்தா ஒரே குழி இவ்வளவு ஆழமாகியிருக்காது. பாய் கேட்டதும் அதுதான்.

இப்போ என் அபிப்பிராயம். சக பேங்க் நண்பர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்ல.

பறிமுதல் பண்ணின மெஷினை நாங்க பாதுகாக்கறோம்னு சொல்றது பாதிப் பொய். திருட்டுலேர்ந்து பாதுகாக்கறோம், தீயிலேர்ந்து இன்ஷூரன்ஸ் எடுக்கறோம், மழை ஒழுகினா தார்ப்பாய் போடறோம். மெஷினை மெஷினாப் பாதுகாக்கறதில்ல. சர்ஃபேசி சட்டத்துக்கான 2002ஆம் வருஷத்து விதிகள்ல என்ன இருக்கு? அசையும் சொத்தைப் பொறுப்புல எடுத்தா, சாதாரண விவேகமுள்ள ஒரு சொந்தக்காரர் அந்தச் சூழ்நிலைல தன் பொருளை எவ்வளவு கவனமாப் பார்த்துப்பாரோ அவ்வளவு கவனம் எடுக்கணும்னு இருக்கு. சரி, அந்த விவேகமுள்ள சொந்தக்காரர் என்ன பண்ணுவார்? அதைத்தான் பாய் ஷட்டர் வாசல்ல நின்னு என்கிட்ட சொன்னார். விதியோட உரையையே ஒருத்தர் வாயால கேட்டும் எனக்குப் புரியல.

எங்க படிப்புலயே கோளாறு இருக்கு. 'தேய்மானம்'னு எவ்வளவு அழகான வார்த்தை நம்ம பாஷைல! தேயறதுக்கான கணக்கு. ஆனா நாங்க வருமான வரிக்காக மெஷினுக்கு வருஷம் 15 சதவீதம்னு கண்ணை மூடிட்டுப் போடறோம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைச்சலா உபயோகிச்சிருந்தா பாதிதான். அதாவது கம்மியா ஓடினா கம்மியாத் தேயும்ங்கற நினைப்பு. பேரிங் கம்பெனிக்காரங்க சூத்திரமும் அதே மாதிரிதான். பேரிங் ஆயுளை மில்லியன் சுத்துக் கணக்குலதான் சொல்லுவாங்க. ஒரே மாதிரிப் பேரிங் நூறு இருந்தா தொண்ணூறு தாண்டற அளவு அது. பாரத்தை ரெட்டிச்சா பால் பேரிங் ஆயுள் எட்டுல ஒரு பங்காயிடும்ங்கறவரைக்கும் கணக்கு இருக்கு. ஆனா சுத்தே இல்லைன்னா? சூத்திரப்படி சாவே கிடையாது. ஓடவ் லேத் 15 மாசத்துல ஒரு சுத்துகூடச் சுத்தல, சூத்திரப்படி சிரஞ்சீவி.

என்ன பண்ணலாம்? பெரிசா ஒண்ணும் வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் ரிஜிஸ்டர்ல இன்னொரு காலம் போடணும்: 'தண்டு சுத்தப்பட்டதா?' வாரத்துக்கு ஒரு தடவை, தெரிஞ்ச ஃபிட்டர் ஒருத்தர், சாட்சியோட போய்க் கையால சுத்தி, முன்னே நின்ன இடத்துல இல்லாம வேற இடத்துல நிறுத்திட்டு வரணும். பக்கத்துல பிரஸ், கம்ப்ரசர் மாதிரி ஏதாவது ஓடினா மெஷின் காலுக்கடியில ரப்பர் பேட் வைக்கணும், முடிஞ்சா வேற இடத்துக்கு மாத்தணும். மாத்தும்போது லாரில அதிரும், அதனால தண்டு ஆடாம கட்டி அனுப்பணும். பெரிய ஆலைகள்ல ஸ்பேர் பம்ப்புகளுக்கு இந்தச் சுத்தி விடற வேலை ரொம்ப நாளா வழக்கத்துல இருக்குன்னு அண்ணாச்சி சொல்றார்.

எங்க ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார், "சுத்தும்போது ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்பு? கை வைக்காம இருக்கிறவரைக்கும் நம்மளை யாரும் கேட்க முடியாது." நியாயமான பயம்தான். எங்க உத்தியோகத்துல செஞ்ச தப்புக்குத்தான் மெமோ வரும், செய்யாம விட்டதுக்கு வராது. ஆனா அந்த விதியை இன்னொரு தடவை படிச்சா, கவனம் எடுக்கலைன்னாலும் பொறுப்பு நம்மளோடதுதான். இன்னொருத்தர் "சீக்கிரம் வித்துட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே"ன்னார். தீர்ப்பாயத்துல தடை வாங்கினா சீக்கிரம்ங்கற வார்த்தைக்கு அர்த்தமே வேற, அது அவருக்கும் தெரியும்.

நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். அதே விதிப்படி சொத்தை அதிகாரி நியமிக்கிற ஒரு ஆள் பொறுப்புல விடலாம். மெஷினை ஒளிச்சு வைக்கிற ஆசாமி இல்லைன்னு தெரிஞ்சா, கடன் வாங்கினவரையே பொறுப்பாளராப் போட்டு, விக்கிறவரைக்கும் ஓட்டச் சொல்லலாமே? மெஷினும் உயிரோட இருக்கும், நாலு காசும் கணக்குக்கு வரும். எல்லாருக்கும் பொருந்தாது. ஏமாத்தறவங்களையும் பார்த்திருக்கேன். ஆனா பத்துக் கணக்குல மூணு நாலுக்காவது பொருந்தும்னு என் அனுபவம் சொல்லுது.

உங்க வீட்டு விஷயமும் கொஞ்சம் சொல்லிடறேன். ஊர்ல வீட்டைப் பூட்டிட்டு வந்திருக்கிறவங்க பயந்துடாதீங்க. பக்கத்துல எதுவும் அதிராத பூட்டின வீட்ல கிரைண்டருக்கும் ஃபேனுக்கும் இந்த வியாதி வராது. அங்கே நடக்கறது வேற: கிரீஸ்ல எண்ணெய் தனியாப் பிரிஞ்சு காஞ்சு போறது, ஈரத்துல துரு ஏறறது. பெரியம்மா சாவி வச்சிருந்தா மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்க. அடுக்குமாடில இருக்கிறவங்கதான் கவனிக்கணும். ஓடற பம்ப் பக்கத்துலயே, அதே மேடை மேல, ஓடாம நிக்கிற ஸ்பேர் பம்ப். அதுதான் ஓடவ் ஷெட்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி வந்து எங்க ரெண்டாம் நம்பரைப் பிரிச்சார். 6206, பேர் போன கம்பெனியோட அசல் சரக்கு, டூப்ளிகேட் இல்ல. அதே குழி, அதே செங்காவி. செக்ரட்டரி லென்ஸை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. புதுப் பேரிங் போட்டாச்சு, ஒண்ணாம் நம்பருக்குக் காயில் கட்டியாச்சு. ஒத்தைப்படைத் தேதில ஒண்ணு, ரெட்டைப்படைல ரெண்டுன்னு சுவர்ல எழுதி ஒட்டிட்டேன். வாட்ச்மேன் அதைப் படிச்சுட்டு "31ம் தேதிக்கு அடுத்து 1ம் தேதி வருமே சாஹேப், அப்போ?"ன்னார். எங்க ஆடிட்டர்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டார் :-)

பாய் விஷயம். அந்த மதிப்பீட்டுக் காகிதத்துல நான் போட்ட கையெழுத்து தப்புன்னும், சேதம் எங்க பொறுப்புல இருக்கும்போது நடந்ததுன்னும், சமரசத் தொகைல அந்த 3 லட்சத்து 20 ஆயிரத்தைக் கழிக்கணும்னும் மேலே எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. அப்புறம் ரெண்டு தடவை நினைவூட்டியும் அதே பதில்தான். சமரசம் வேற ஒரு தொகைல முடிஞ்சு, அவர் தவணை கட்டிட்டு வர்றார். இப்போ இன்னொருத்தர் யூனிட்ல சூப்பர்வைசர் வேலை.

போன வாரம் தவணை கட்ட வந்தார். டிராயர்லேர்ந்து அந்தப் பேரிங்கை எடுத்து அவர் முன்னால வச்சேன். எல்லாத்தையும் சொன்னேன், அன்னிக்கு நான் தலையாட்டிட்டு மறந்ததையும். அவர் அதை இடது கைல பிடிச்சு வலது கை விரலால மெதுவாச் சுத்தினார். கட், கட், கட். நாலு சுத்து சுத்தியிருப்பார். துணில மறுபடி சுத்தி என் பக்கம் தள்ளி வச்சார்.

"சாஹேப், சலான் இன்னிக்கு எந்தக் கவுண்டர்ல?"ன்னார்.